முதலில் தண்ணீர், பிறகுதான் நிறம்: பழைய வீட்டு வாகனமொன்றை மறுபெயின்ட்டுக்குத் தயார்செய்த நிகழ்வு ஆய்வு

வாகனமும் வந்த நிலையும்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் எங்கள் கராஜில் இந்த வேலை நடந்தது. வாகனம், இசுசு எல்ஃப் லொறியின் அடிச்சட்டத்தின்மேல் 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானில் கட்டப்பட்ட ஒரு வீட்டு வாகனம். முன்னால் லொறியின் இரும்புக் கபின். பின்னால் படுக்கை, சமையல் மேசை, சிறு குளியலறை அடங்கிய பைபர் (கண்ணாடியிழை) பெட்டி. கபினுக்கு மேலே முன்னோக்கி நீண்டிருக்கும் மேல்படுக்கை. பெட்டியின் மூலைகள் எல்லாவற்றிலும் அலுமினியப் பட்டிகள்.

உரிமையாளர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர். அவரும் மனைவியும் மடு, திருக்கேதீஸ்வரம், திருகோணமலை என்று இந்த வாகனத்தில்தான் போய்த் தங்குகிறார்கள். இடையில் சில ஆண்டுகள் வாகனம் ஓடாமல் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கமாக ஒரு வளவில் நின்றிருக்கிறது. கடலைப் பார்த்து நின்ற இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட இரு மடங்கு கிழடாகத் தெரிந்தது. வெளிப்புறம் முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அதிலேயே போய்த் தங்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விருப்பம்.

வாகனம் வந்தது தை மாதக் கடைசியில். மாரி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வடகீழ்ப் பருவமழை முழுவதையும் திறந்த வெளியில் வாங்கிக்கொண்டு வந்ததால், எங்கே ஒழுகுகிறது என்பதற்கான சாட்சி ஈரம் காயாமல் அப்படியே இருந்தது. சித்திரையில் வந்திருந்தால் பாதியைக் கண்டிருக்க மாட்டோம்.

கார், வான், பஸ் என்று பழகிய பெயின்ட் கைகளுக்கு இந்த வகை வாகனம் புதிது. கார் ஒரே தகட்டு ஓடு. இங்கே இரும்பு, அலுமினியம், பைபர் என்று மூன்று தோல்கள் இருக்கின்றன. ஜன்னல், காற்றுப்போக்கி, ஏணி, விளக்கு, வெயில்மறைப்பு, சூரியத்தகடு என்று ஒவ்வொன்றுக்கும் அந்தத் தோல்களில் துளை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு துளையையும் ஏதோ ஒரு பசை அடைத்து நிற்கிறது. பெயின்ட் அந்தப் பசைகளின்மேல்தான் வாழ்கிறது அல்லது சாகிறது. ஆகவே இந்த வேலையை நிறம் மாற்றும் வேலையாக எடுக்காமல், தண்ணீரை நிறுத்தும் வேலையாக எடுத்தோம். செலவிட்ட உழைப்பில் மிகப் பெரும் பங்கு ஸ்பிரே கன்னைத் தொடுவதற்கு முன்னரே போய்விட்டது. அது சரியான பங்கீடு என்றே இப்போதும் சொல்வேன்.

கழுவுவதற்கு முன் பார்த்தவை

வந்தவுடன் கழுவவில்லை. அழுக்கு ஒரு வரைபடம். மூலைப் பட்டியின் கீழிருந்து கறுப்புக் கோடு இறங்கினால் மேலே எங்கோ பசை விட்டிருக்கிறது என்று பொருள். ஒரு திருகாணியின் கீழே செம்மண்ணிறக் கண்ணீர் ஓடியிருந்தால் உள்ளே இரும்பு உக்குகிறது. இந்தக் கோடுகள் அனைத்தையும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாளில் வரைந்து குறித்தோம். வாகனத்தின்மேல் குறிப்பதற்குப் பென்சில் மட்டும். நிரந்தர மை கொண்ட மார்க்கர் பேனாவால் குறித்தால் அந்த மை பிரைமரையும் பெயின்ட்டையும் ஊடுருவி மேலே வந்து நிற்கும்.

பிறகு உட்பக்கம். அலுமாரிகளைக் காலிசெய்து, மெத்தைகளை எடுத்து, ஈரமானியின் ஊசிகளை மூலைகளில் குத்திப் பார்த்தோம். காய்ந்த மரச்சட்டம் 15 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். மேல்படுக்கையின் முன்விளிம்பிலும் பின்பக்க இடது மூலையிலும் கருவி அளவுகோலின் எல்லைக்கே ஓடியது. வெளியிலிருந்து நாணயத்தால் தட்டிக்கொண்டே போனபோது அதே இரண்டு இடங்களிலும் ஓசை மாறியது. நல்ல இடத்தில் ‘டக்’ என்று இறுக்கமாக ஒலிக்கும். பைபர் தோலும் அதனுள்ளே நிரப்பியிருக்கும் நுரையும் பிரிந்த இடத்தில் ‘பொத்’ என்று மந்தமாக ஒலிக்கும். தட்டும் வேலையைக் காலையில், கம்பிரசர் ஓடாத நேரத்தில், ஒருவரே தொடக்கம் முதல் முடிவுவரை செய்ய வேண்டும். காது மாறினால் அளவு மாறும்.

கபினில் ஏற்கெனவே ஒரு மறுபெயின்ட் இருந்தது. பருத்தித் துணியில் தின்னரை நனைத்து ஒரு மறைவான இடத்தில் தேய்த்தபோது நிறம் துணியில் வந்துவிட்டது. அது என்.சி. பெயின்ட், கரைப்பான் பறந்துபோவதால் மட்டுமே காயும் வகை. ஹார்ட்னர் என்னும் இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவையான 2கே பெயின்ட் முற்றாக இறுகியிருந்தால் அப்படிக் கரையாது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் விடுவதால் வரும் இழப்பு மிகப் பெரிது. என்.சி.யின் மேல் 2கே அடித்தால், புதிய பெயின்ட்டின் கரைப்பான் பழையதைக் கிளப்பி, மேற்பரப்பு முழுவதும் சுருங்கிப்போகும். எனவே கபின் பெயின்ட் முழுவதையும் தகடுவரை உரிப்பது என்று அன்றே முடிவாயிற்று.

பெட்டியின் பைபரில் அசல் ஜெல்கோட், அதாவது பைபரின் நிறமுள்ள மேற்தோல், அப்படியே இருந்தது. கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டியது. வெயில் ரெசின் என்னும் பிணைப்புப் பிசினைத் தின்றுவிட்டு நிறமியை மட்டும் மேலே விட்டுவைத்திருக்கிறது. பிளேடால் சிறு கட்டங்களாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்திச் சட்டென்று இழுத்தபோது நாடாவில் பொடி மட்டும் வந்தது. அடியில் ஜெல்கோட் உறுதியாகப் பிடித்திருந்தது. நல்ல செய்தி.

நிறம் பற்றிய பேச்சு

உரிமையாளர் கரும்பச்சை கேட்டார். காட்டோரம் நிறுத்தினால் பொருந்தும் என்பது அவருடைய எண்ணம். நான் மறுத்தேன். பங்குனி, சித்திரை வெயிலில் கருநிறத் தகடு 70 பாகை செல்சியஸைத் தாண்டும். இத்தகைய பெட்டிகளில் பொதுவாகப் பயன்படும் பொலியெஸ்டர் ரெசின் ஏறத்தாழ அந்த வெப்பநிலைகளில்தான் இளகத் தொடங்குகிறது. இளகினால் உள்ளே இருக்கும் கண்ணாடியிழையின் நெசவு மேற்பரப்பில் தெரியத் தொடங்கும். தோலையும் நுரையையும் பிணைக்கும் பசையும் களைக்கும். உள்ளே தூங்குபவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. “ஐயா, கூரையும் பக்கங்களும் வெளிர்நிறம், இடுப்புக்குக் கீழே மட்டும் நீங்கள் கேட்கும் பச்சை” என்று சொன்னேன். அவர் மனைவி உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கு மேல்படுக்கையின் புழுக்கம் தெரியும்.

இது அழகு பற்றிய பேச்சுப்போலத் தோன்றலாம். பழைய பைபர் பெட்டிக்கு நிறத் தேர்வும் தயாரிப்பின் ஒரு பகுதிதான். அதைக் கடைசியில் நிறப்புத்தகத்தை விரித்துவைத்துப் பேசக் கூடாது.

கழற்றுதல்

எரிவாயு சிலிண்டர் முதலில் வெளியே போனது. மின்கலங்களின் இணைப்புகளை நீக்கி, கூரையிலிருந்த சூரியத்தகட்டை இறக்கினோம். அதன்பின் ஜன்னல்கள், காற்றுப்போக்கிகள், விளக்குகள், ஏணி, வெயில்மறைப்பு, குளிர்சாதனப்பெட்டியின் வெளிமூடி, கடைசியாக மூலைப் பட்டிகள்.

ஜன்னல்களைக் கழற்றாமல் நாடா ஒட்டி மறைத்து அடிக்கலாமே என்று பலர் கேட்பார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் நாடாவின் விளிம்பில் முடியும் பெயின்ட்டுக்குப் பாதுகாப்பில்லை. தண்ணீர் அந்த விளிம்பில்தான் நகத்தைக் கொடுத்துக் கிளப்பத் தொடங்கும். பெயின்ட் சட்டத்துக்கு அடியில் சென்று முடிய வேண்டும், அதன்மேல் புதிய பசை, அதன்மேல் சட்டம். மேலும் இந்த ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். தின்னர் பட்டால் உள்ளுக்குள்ளே மயிரிழை வெடிப்புகள் ஓடிவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை. இந்த வயது ஜன்னலுக்குப் பதில் தேடி ஜப்பானுக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

திருகாணிகளை வந்த இடப்படி தனித்தனிப் பைகளில் போட்டு இலக்கமிட்டோம், மறுபடி பயன்படுத்துவதற்காக அல்ல. எது உக்கியிருக்கிறது என்ற குறிப்பும் ஒழுக்கு வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்காக. பொருந்தின. அலுமினியப் பட்டியை இரும்புத் திருகாணியால் இறுக்கி, உப்புக் காற்றில் விட்டால் அலுமினியம் அரிக்கப்படும், ஈரம் ஏறிய திருகாணியும் உக்கும். இடப்பக்கப் பட்டியில் தலை மட்டும் இருந்து உடல் காணாமற்போன திருகாணிகள் கைநிறைய வந்தன. எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினோம்.

பக்கங்களில் ஓடிய நிறக்கோட்டு ஸ்டிக்கர்கள் வெயிலில் முறுகி, இழுத்தால் உரியாமல் பொடிந்தன. சூடான காற்றை மெல்லக் காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்ட வேண்டியிருந்தது. மிச்சமான பசைக்கு மண்ணெண்ணெய் தேய்க்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அது பசையை எடுக்கும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும், நான் அனுமதிப்பதில்லை. ஸ்டிக்கர் இருந்த இடம் ஜெல்கோட்டில் ஒரு படிபோல உயர்ந்து நிற்கும், ஏனெனில் சுற்றியுள்ள பரப்பை வெயில் தேய்த்திருக்கிறது. விரலுக்கு அது தெரியாமற்போகும்வரை கட்டையில் சுற்றிய சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்தாவிட்டால், புதிய பெயின்ட்டின்மேலும் பழைய கோடு சரிந்த வெயிலில் தெரியும்.

சிலிக்கன்

இந்த வாகனத்தின் பெரும் நோய் துருவோ உக்கலோ அல்ல, சிலிக்கன். ஒவ்வொரு மாரியிலும் ஒழுக்கு வந்தபோது யாரோ ஒரு குழாய் சிலிக்கனை வாங்கி, பழைய பசையின்மேலேயே இழுத்துவிட்டிருக்கிறார்கள். மேல்படுக்கையின் முன்மூட்டில் மட்டும் நான்கு அடுக்குகளைப் பிரித்தெடுத்தோம், நிறமே வேறுவேறு. குளியலறை ஓட்டுக்கு நல்ல பொருள் அது. வாகனத்தின் வெளிப்புறத்தில் அதன்மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. ஒட்டாதது மட்டுமல்ல, அது இருந்த இடத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவி நிற்கும். அந்தப் படலத்தின்மேல் ஈரப் பெயின்ட் விழுந்தவுடன் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். அடித்து முடித்த பிறகு இதற்கு மருந்து கிடையாது.

நாங்கள் பின்பற்றிய ஒழுங்கு கடுமையானது. அதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இந்த இடத்தில்தான் அநேக வேலைகள் கெட்டுப்போகின்றன. முதலில் பிளாஸ்டிக், மரத் தகடுகளால் மட்டும் கையால் சுரண்டி, தடித்த பாகம் முழுவதையும் எடுத்தோம். இந்தக் கட்டத்தில் கிரைண்டரோ சாண்ட் பேப்பரோ தொடக் கூடாது. சிலிக்கன் இருக்கும்போது தேய்த்தால், கீறல்களுக்குள் அதை நாமே ஏற்றி அடைக்கிறோம். அடுத்து, சிலிக்கனைச் செரிக்கும் களிம்பைப் பூசி, அதற்குரிய நேரம் விட்டு, மீண்டும் சுரண்டினோம். பிறகு கொழுப்பகற்றியால் துடைத்தல். ஒரு துணி நனைக்க, மறு துணி உலர்வதற்குள் ஏந்தி எடுக்க. ஒற்றைத் துணியால் வட்டமாகத் துடைப்பவர் அழுக்கை எடுப்பதில்லை, ஊர்வலம் கொண்டுபோகிறார். துணியை மடித்து, ஒரே திசையில் ஒரு கை நீளம் இழுத்து, மடிப்பை மாற்றி, நான்கு மடிப்பும் முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். மூட்டிலிருந்து வெளியே துடைக்கக் கூடாது. வெளியிலிருந்து மூட்டை நோக்கித்தான் கை வர வேண்டும்.

சிலிக்கன் வேலைக்கு எடுத்த தகடு, கையுறை, துணி எதுவும் வேறு இடத்துக்குப் போகவில்லை. அந்தப் பக்கத்தில் நின்ற தம்பிமார் அன்றைக்குப் பிரைமர் வாளியைத் தொடவும் விடவில்லை. கராஜுக்குள் டயர் பளபளப்பாக்கும் ஸ்பிரேயும் கதவுக்கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் அந்த நாட்களில் தடை. அவற்றில் பலவற்றில் இருப்பதும் சிலிக்கன்தான், காற்றிலேயே வந்து படியும்.

துடைத்து முடிந்த இடத்தில் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது கடைசிச் சோதனை. தண்ணீர் விரிந்து ஒரே தாளாக நின்றால் பரப்பு தயார். முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி முதலிலிருந்து. முன்மூட்டு பல தடவை முத்துக் காட்டியது. மீண்டும் மீண்டும் போனோம். வேறு குறுக்குவழி இல்லை.

மரமும் பைபரும்

மேல்படுக்கையின் அடித்தட்டை உள்ளிருந்து திறந்தபோது முன்சட்டம் கையோடு உதிர்ந்து வந்தது. பின் மூலையில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் நனைந்த புத்தகத்தின் தாள்களாகப் பிரிந்துவிட்டன. வெட்டியெடுத்துவிட்டு, திறந்த பகுதிகளை மாசி முழுவதும் காற்றாட விட்டோம். பகலில் விசிறி. ஈரம் உள்ளே இருக்கும்போது வெளியே பெயின்ட் போட்டு மூடினால், வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும். தோலின்மேல் கொப்புளங்கள் எழும். ஈரமானி சொல்லும்வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

மாற்றுச் சட்டத்துக்கு எங்கள் தச்சர் முதிரை சொன்னார். வன்னியில் மரம் என்றால் முதிரைதான், நூறு ஆண்டுக்கு உக்காது என்பது அவர் வாதம். கதவுக்கும் நிலைக்கும் நானும் அதையே சொல்வேன். ஆனால் முதிரையின் அடர்த்தி தண்ணீரை நெருங்குகிறது. கபினுக்கு மேலே, எந்தத் தூணும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் அந்தக் கனத்தை ஏற்றினால், ஒவ்வொரு குழியிலும் முன்மூட்டு திறந்து மூடும். புதுப் பசையும் புதுப் பெயின்ட்டும் அங்கேயே வெடிக்கும். பதப்படுத்திய பைன் சட்டத்தையே போட்டு, வெட்டுமுனைகள் அனைத்தையும் எபொக்சியில் (இரு பாகம் கலந்து இறுகும் பிசின்) தோய்த்து அடைத்தோம்.

பைபர் வேலைக்கு முல்லைத்தீவிலிருந்து ஒரு படகு திருத்துபவரை அழைத்தோம். கார் வேலை செய்பவர்களுக்குப் பைபர் என்றால் பம்பர். கடற்கரையில் அது அன்றாடம். வாகனத்தைச் சுற்றிவந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, இதுவும் படகுதான். தண்ணீர் கீழிருந்து வருவதற்குப் பதில் மேலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.” பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியில் போகும் யாரும் இந்த வகைக் கைகளைத் தேடிப்பிடிக்கலாம். வன்னியில் பழைய பைபர் உடல் வைத்திருக்கும் எவரும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஜன்னல் மூலைகளில் சிலந்திவலைபோல ஓடிய வெடிப்புகளைப் பட்டி (பள்ளம் நிரப்பும் களிம்பு) போட்டு மூட எங்கள் தகட்டு வேலைக்காரர் டிங்கர் பாஸ் தயாராக இருந்தார். படகுக்காரர் தடுத்தார். வெடிப்பின் வாயை அப்படியே வைத்து மேலே பட்டி இழுத்தால், ஓடும்போது உடல் முறுகும் முதல் தடவையே அது மறுபடி வாய் திறக்கும். ஒவ்வொரு வெடிப்பையும் ‘வி’ வடிவில் அடிவரை திறந்து, தூசு நீக்கி, இழை கலந்த பட்டியால் நிரப்பினார்கள். வெடிப்பு இழையையும் தாண்டிப்போன இடங்களில், உள்ளடுக்கு தெரியும்வரை சரிவாகத் தேய்த்து, ரெசினில் நனைத்த கண்ணாடியிழைப் பாயான இழைமாட் வைத்தார்கள். சரிவு, தடிப்பின் 12 மடங்கு அகலம். 2 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சுற்றிலும் 24 மில்லிமீற்றர். இந்தக் கணக்கைக் குறைத்தால் ஒட்டு வெறும் ஒட்டாகவே நிற்கும், உடலோடு சேராது. நடுப்பகல் சூட்டில் ரெசின் கைக்குள்ளேயே இறுகிவிடுவதால் இந்த வேலை முழுவதும் காலையில்தான்.

தோல் பிரிந்த இரண்டு இடங்களிலும் நுண்துளையிட்டு, எபொக்சியை ஊசியால் செலுத்தி, பலகை வைத்து முட்டுக்கொடுத்து அழுத்தினோம். பிறகு நாணயம் தட்டினால் ‘டக்’.

கபினும் அலுமினியமும்

கபினில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. உரிப்புத் திரவத்தால் என்.சி. பெயின்ட்டைக் கழற்றினோம், அது இரும்புக்கு மட்டும், பைபர் பக்கம் ஒரு துளியும் போகாமல் தடுப்புக் கட்டி. அந்தத் திரவம் ஜெல்கோட்டையும் தின்றுவிடும். துருத் துளைகளை வெட்டிப் புதுத் தகடு ஒட்டவைத்து, எபொக்சிப் பிரைமர், அதன்மேல் பட்டி. அமிலப் பிரைமருக்கு மேல் பொலியெஸ்டர் பட்டி போடக் கூடாது, இரண்டும் ஒத்துப்போகா.

அலுமினியப் பட்டிகளில் உப்பரித்த வெண்பொடியைத் தேய்த்தெடுத்த அன்றே பிரைமர் அடித்தோம். ஒரு நாள் தள்ளினால் மறுபடி ஒக்சைட்டுப் படலம் வந்துவிடும்.

இடம், காற்று, பனி

கராஜின் முற்றம் கிரவல். வீதியும் கிரவல். ஒரு லொறி போனால் செம்புழுதி கூரைவரை எழும். கொட்டகையைச் சுற்றிப் பொலித்தீன் மறைப்பு, வாசலில் இரட்டை நிழல்வலை, அடிக்கும் நாளில் முற்றத்துக்கும் வீதியோரத்துக்கும் தண்ணீர். சோளகம் எழும்பிவிட்டால் இவை எதுவும் போதாது. வைகாசி தொடங்கினால் தென்மேல் காற்று வன்னியில் நாள் முழுவதும் ஒரே மூச்சாக வீசும். ஆகவே மாசியும் பங்குனியுமே இந்த வேலைக்கு எங்களுக்குக் கிடைக்கும் நல்ல காலம்.

ஆனால் அந்தக் காலத்துக்குப் பனி இருக்கிறது. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வதைப் பெயின்ட் வேலை செய்பவர் எழுத்துக்கு எழுத்து நம்பலாம். பைபர் கூரை இரவில் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் கீழே இறங்கிவிடும். காலையில் வெயில் வந்து காற்றுச் சூடான பிறகும் பெட்டியின் வடபக்கம் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடு நிற்கும். பரப்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை மேலே இருக்க வேண்டும், ஈரப்பதன் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெப்பமானியைத் தகட்டில் வைத்துப் பார்த்த பிறகே கன்னைத் தூக்கினோம். மாலையில் பனி இறங்குமுன், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிட வேண்டும் என்பதால், கடைசிப் பூச்சு பிற்பகல் நடுவோடு நிற்கும். விளக்குப் போட்டு இரவில் அடிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. சித்திரையில் ஒரு தூறல் விழுந்தாலே ஈசல் விளக்கைத் தேடி வரும். ஈரப் பெயின்ட் அதற்குப் பொறி.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கிணற்று நீர் காய்ந்தால் வெண்படலம் விடுகிறது. கழுவுவதற்கு அது போதும். பிரைமருக்கு முந்திய கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. குடிநீர் நிலையத்திலிருந்து கலன்களில் எடுத்துவந்தோம். உப்பின்மேல் அடித்த பெயின்ட் அடுத்த மாரியில் நீர்க்கொப்புளம் காட்டும்.

மூச்சு

2கே பெயின்ட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. தூவும்போது எழும் அதன் நுண்துளியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒரு தடவை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சடைக்கும். அந்த மனிதர் இந்தத் தொழிலை விட்டேயாக வேண்டும். ஆபத்தான அளவிலும் அதற்கு மணம் இல்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை. கரி வடிகட்டி முகமூடி எப்போது நிரம்பித் தோற்கிறது என்று அணிந்தவருக்குத் தெரியாது. லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு 2கே அடிக்கும் இளைஞர்களை நான் பல கராஜுகளில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த வேலையில், வெளியிலிருந்து தூய காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் யாரும் கொட்டகைக்குள் போகவில்லை. அந்தக் காற்றுக்கு வடிகட்டியோடு தனிக் கம்பிரசர், அதை நிறுத்திய இடம் காற்று வரும் திசையில். “அண்ணை, கடைசிச் சுற்றுத்தானே, முகமூடி இல்லாமல் முடித்துவிடுகிறேன்” என்று ஒரு தம்பி கேட்டார். கன்னை வாங்கி வைத்துவிட்டு, அன்றைக்கு வேலையை நிறுத்தினோம். பைபர் தேய்க்கும்போது எழும் கண்ணாடியிழைத் தூசுக்கும் தூசு முகமூடி, முழுக்கைச் சட்டை. செலவுக் கணக்கு எழுதும்போது முகமூடியை ‘மேலதிகம்’ என்ற வரியில் போடாமல், பிரைமருக்கு அடுத்த வரியில் போடுங்கள் என்று என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

பிரைமரிலிருந்து பெயின்ட் வரை

ஜெல்கோட்டை 180இல் தொடங்கி 320 இலக்க சாண்ட் பேப்பர்வரை தேய்த்ததும் நூற்றுக்கணக்கான ஊசித்துளைகள் வெளியே வந்தன. பிரைமர் இவற்றை நிரப்பும் என்று நம்புவது வீண். துளையின் வாயில் பாலம்போல நின்று, பிறகு உள்ளே விழும். மெல்லிய பட்டியைத் தகட்டால் அழுத்தி இழுத்து, மறுபடி தேய்த்தோம். பெட்டி முழுவதும் எபொக்சிப் பிரைமர், அதன்மேல் தடிமன் தரும் 2கே பிரைமர். அதன்மேல் கறுப்புப் பொடியை லேசாகத் தடவி, நீண்ட கட்டையால் தேய்த்தபோது பள்ளங்களில் கறுப்பு தங்கிக் காட்டியது. பக்கச்சுவர் நீளமானது, சரிந்த வெயில் அதன்மேல் எந்த அலையையும் ஒளிக்காது. பின் மூலையில் அலை தெரிந்தது. நிரப்பித் தேய்த்துச் சமப்படுத்தினோம். முடிவில் 400, பிறகு 500.

மூட்டுகளின் உள்கோடுகளுக்கு பெயின்ட் ஏற்கும் பொலியூரெதேன் பசை, பெயின்ட்டுக்கு முன். பட்டிகள், ஜன்னல்களின் அடியில் இறுகாமல் மெதுவாகவே இருக்கும் ரப்பர் பசையான பியூட்டைல் நாடா, பெயின்ட் இறுகிய பின். மறைப்புக்குப் பழைய பத்திரிகைத் தாள் பயன்படுத்தவில்லை. கரைப்பான் அதை ஊடுருவும், நார்த்தூசும் உதிரும்.

மேற்பூச்சு பற்றி எழுத அதிகம் இல்லை. கூரைக்கு வெள்ளை, பக்கங்களுக்கு வெளிர்மஞ்சள், கீழே பச்சை. சூட்டுக்கேற்ற மெல்ல உலரும் தின்னர். ஒரு குழியும் விழவில்லை, முன்மூட்டிலும்கூட.

ஒப்படைப்பு

பொருத்தி முடித்து, பசைகள் இறுக விட்டு, கூரையிலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் குழாய்நீரை நீண்ட நேரம் விட்டோம். உள்ளே ஒருவர் விளக்கோடும் ஈரமானியோடும். ஆனால் கீழிருந்து மேலாகப் போவதுதான் முறை. மேலே தொடங்கினால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது என்று படகுக்காரர் தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னதே சரி. உலரவிட்டு, மறுநாள் கீழிருந்து மறுபடி செய்தோம். காய்ந்தே இருந்தது.

நிறம் மாறியதால் பதிவுச் சான்றிதழிலுள்ள நிறக் குறிப்பையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும் என்று உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்தோம். முதல் மாதம் மெழுகு பூசக் கூடாது, வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், மூட்டில் எங்காவது ஈரம் கண்டால் சிலிக்கன் வாங்காமல் எங்களிடம் வர வேண்டும் என்பவையும் அந்தத் தாளில் இருந்தன. ஏணியின் அடித்தட்டுகளை மட்டும் புரட்டாதியில், மழைக்கு முன், ஒரு தடவை கழற்றிப் பார்க்கத் தவணை குறித்திருக்கிறோம். ஆள் ஏறி இறங்கும்போது அந்த நான்கு திருகாணிகளும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அசைகின்றன.